உன், உங்கள்

பதுளை. வியாழன் கிளினிக்.
பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து
வாடகை வேன் பிடித்து வந்தவர்கள் எட்டுப் பேர்.
இரண்டு பேரை மட்டும் விடச் சொன்னார் டொக்டர் ஹேமாலி.
எட்டுப் பேரும் எழுந்தார்கள்.
கதிரைகள் மூன்று.

நான் நடுவில் நிற்பவள்.
சிங்களத்தில் வருவதைத் தமிழில் இறக்கிவைக்கிறேன்.
சம்பளத் தாளில் அந்த வேலைக்குப் பெயரில்லை;
அங்கே நான் சிற்றூழியர்.

தை பதினாறு கலியாணம்.
கோகிலவாணிக்கு அத்தை மகன் சிவனேசன்.
தொட்டிலிலேயே பேசி முடித்த முறை.
இப்போது இரண்டு பேர் அட்டையும் ஒரே நிறம்.

டொக்டர் தாளைத் திருப்பி நான்கு வட்டம் போட்டு
ஒன்றைக் கறுப்பாக்கினார்.
'காவி' என்கிறது எங்கள் துண்டுப்பிரசுரம்.
காவி என்றால் இவர்களுக்குச் சாமியார் வேட்டி.
'சுமக்கிறவங்க' என்றேன்.
கொழுந்து சுமந்த தோள்கள்
கதிரையில் லேசாக அசைந்தன.

மாமன் வட்டங்களை விரலால் எண்ணினார்.
"நாலாவதுதானே வில்லங்கம்?
மூணோட நிறுத்திக்கச் சொல்லுவோம்."
இல்லீங்க, ஒவ்வொரு தடவையும்
சீட்டைக் கலைச்சுப் புதுசாப் போடுற மாதிரி, என்றேன்.
டொக்டர் சொன்னதில் சீட்டு இல்லை.
அது நான் போட்டது.

அத்தைக்காரி எதுவும் கேட்கவில்லை.
சிவனேசனுக்கு முன்னால் ஒன்று
வெளிறி வெளிறிப் போனதாம், மூன்று வயதில்.
பிறகு படிக்கட்டில் வைத்துச் சொன்னாள்,
பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல.

போன மாதம் பண்டாரவளைத் தாயொருத்தி
சாதகம் பொருந்தவில்லை என்றே ஊருக்குச் சொல்கிறோம்,
அட்டையை நீங்களே கிழித்துவிடுங்கள் என்று
சிங்களத்தில் அழுதாள்.
வெலிமடை நஸ்லிமா அழவில்லை.
எழுதினது எழுதினதுதான் என்றாள்,
அடுத்த கிளினிக் தேதியையும் எழுதித் தாங்க என்றாள்.

வயிற்றிலேயே பார்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள்.
பார்க்கலாம்.
பார்த்த பிறகு சட்டம் ஒரு சுவர்.
அந்த இடம் வந்ததும் டொக்டர்
பேனா மூடியைத் தேடுவார்.
அதற்குத் தமிழ் என்ன?
நானும் எதையாவது தேடுவேன்.

கடைசியில் அந்தப் பெண்ணை மட்டும் பார்த்துச் சொன்னார்:
தீரணய ஒயாகே.
"முடிவு உங்களுடையது" என்றேன்.
மரியாதைக்குத்தான் 'உங்கள்'.
எட்டுப் பேரும் தலையாட்டினார்கள்.
ஒரு சொல்லில் ஏழு பேர் கூட ஏறிக்கொண்டதை
பார்த்துக்கொண்டே நின்றேன்.

தண்ணீர்க் குழாயடியில் வந்து பிடித்தாள்.
"அக்கா, அவங்க சொன்னது
உன்னோடதுன்னா, உங்களோடதுன்னா?"
கட்டுநாயக்காவில் மூன்று வருஷம் கார்மெண்ட் தைத்தவளாம்.
பதில் தெரிந்துதான் கேட்கிறாள்.

உன்னோடது, என்றேன்.
பிழையைத் திருத்தினேனா,
எட்டுப் பேர் பாரத்தை
ஒருத்தி தலைக்கு மாற்றினேனா,
இன்றுவரை தெரியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வார்டு.
ஒரு கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்த பையன்
மறு கையால் கெரம் விளையாடினான்.
அவன் சிவப்பைப் போடும்வரை பார்த்து நின்றாள்.
பிறகு போய்க் கதவைத் தட்டினாள்.
"நீங்க வர வேணாம் அக்கா."

கதவு சாத்திக்கொண்டது.
உள்ளே சிங்களம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
திரும்பவும் சிங்களம்.

வெளியே ஏழு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.
"என்ன சொல்றா?"
எனக்குக் கேக்கல, என்றேன்.
அன்றைக்கு நான் சொன்னதில்
கூட்டாமல் குறைக்காமல் சொன்னது அது.

கீழே வேன்காரன் ஹோர்ன் அடித்தான்.
மாமன் காத்திருப்புக் காசை எண்ணத் தொடங்கினார்.