வருமானச் சான்று

மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம்:
குடும்பத்தின் ஆண்டு வருமானம்.
பென்சிலில் எழுதிப் பார்த்து அழித்தேன்.
மலைமேல் பள்ளிக்கூடத்தில்
முழு உதவித்தொகை கேட்க
என் எண் கொஞ்சம் கொழுத்திருந்தது.

சேகோ ஆலையில் இவருக்கு வாரக்கூலி,
வெயில் ஏமாற்றினால் பாதிக்கூலி.
நால்ரோட்டு ஜவுளிக்கடையில் எனக்குப் பதினோராயிரம்,
பில்லில் பிசகினால் பிடித்தம்.
இ-சேவை மையத்துப் பையன்
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்
"எழுபத்திரண்டாயிரம்னு போட்டுடறேன்க்கா,
எல்லாருக்கும் அதான்" என்றான்.
தலையாட்டினேன்.
பன்னிரண்டாம் நாள்
தாசில்தாரின் மின்கையொப்பத்தோடு
அரசாங்க ஏழைகளானோம்.

ஐந்தாம் பக்கம் அதைவிடக் கஷ்டம்.
உங்கள் பிள்ளையைப் பற்றி இருநூறு சொற்கள், ஆங்கிலத்தில்.
எனக்குத் தெரிந்த ஆங்கிலம்
காட்டன், பாலியஸ்டர், டிஸ்கவுண்ட், நோ எக்ஸ்சேஞ்ச்.
பெற்ற பெண்ணை அதில் எப்படி எழுத?
கனிஷ்காவே எழுதினாள், நான் எழுதுவதுபோல்.
தமிழில் சொல்லிக் காட்டினாள்:
என் மகள் பிடிவாதக்காரி.
அந்த வரியை எடுடி என்றேன்.
எடுக்கவில்லை.

தேர்வுக்கு ஏற்காடு பஸ்.
பதினோராவது கொண்டை ஊசி வளைவில்
கடைப் பையில் வாந்தி எடுத்தாள்.
வாயைத் துடைத்துக்கொண்டு
"இன்னும் ஒம்போது" என்றாள்.
சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே
டென்னிஸ் மட்டையோடு ஒரு பெண்
எந்த ஊர் என்று கேட்டது.
"கீழ" என்றாள் இவள்.

அவள் உள்ளே எழுதிய இரண்டு மணி நேரமும்
கம்பிவேலியோரம் நின்றிருந்தேன்.
சேலம் ஒரு புகைமூட்டம்.
அம்மாபேட்டை எதுவென்று புரியவில்லை.
கிழக்கே தூரத்தில் வெள்ளை வெள்ளையாய்ச் சதுரங்கள்,
ஜவ்வரிசி காயும் களங்கள்.
ஏதோ ஒன்றில் இவர்
வெறுங்காலால் கிளறிக்கொண்டிருப்பார்.
இவ்வளவு உயரத்திலிருந்து
ஆள் தெரியாது.

வீடு பார்க்க வருவதாகப் போன் வந்தது.
"ஃபிரிட்ஜை மறைச்சிரு" என்றாள் மாடிவீட்டுக் குப்பம்மாள்.
தவணையில் வாங்கியது,
பதினெட்டில் பதினான்கு கட்டியாயிற்று.
உறுமல் கேட்காமலிருக்க பிளக்கைப் பிடுங்கி,
பழைய சேலை போர்த்தி
மேலே முருகன் படம் வைத்தேன்.

பெர்னார்டு சார் சனிக்கிழமை உச்சிவெயிலில் வந்தார்.
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து
கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தார்.
முதல் கேள்விக்கு முன்பே
"சில்லுனு தண்ணி தரட்டுங்களா சார்?"
முருகனை இறக்கினாள்.
சேலையை உருவினாள்.
கதவைத் திறந்தால் உள்ளே விளக்கில்லை.
"அம்மா, பிளக்கைப் பிடுங்கி வெச்சிருக்க" என்றாள்,
அவர் எதிரிலேயே,
கணக்கில் ஒரு தப்பைக் காட்டுவதுபோல்.

வெதுவெதுத்த அந்தத் தண்ணீரை
அவர் மிச்சம் வைக்காமல் குடித்தார்.
"மாசத் தவணை எவ்வளவும்மா?"
ஆயிரத்து நூறு என்றேன்.
அப்புறம் நிறுத்த வரவில்லை.
கூலி, பிடித்தம், நகைச்சீட்டு,
இவருடைய வலது முழங்கால்,
பென்சிலில் எழுதி அழித்த எண்,
எழுபத்திரண்டாயிரம்,
எல்லாம்.
எழுதிக்கொண்டே இருந்தார்.
எனக்குத் தலைகீழாய்த் தெரிந்தது அந்த எழுத்து,
நேராய்த் தெரிந்திருந்தாலும் ஆங்கிலம்தான்.

மாதம் ஒன்றாகிறது, கடிதம் இல்லை.
நேற்று மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து
களத்தில் கிடந்ததை அள்ளுவதற்குள் நனைத்துவிட்டதாம்.
பாதிக்கூலி.
தவணை இன்னும் மூன்று.
ராத்திரி பாட்டில்களை நிரப்பி அடுக்குகிறாள் கனிஷ்கா.
மூடுமுன் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து
விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறாள்.