சான்றுப் பொருள் மூன்று

பாளையங்கோட்டை கோர்ட்டின் பின்கட்டில்
சொத்தறைச் சாவி என் கைக்கு வந்து பதினோரு மாதம்.
கோணிக்குள் கட்டுக் கட்டாக
வீச்சரிவாள், வெட்டரிவாள், பாளை சீவுவது.
ஒவ்வொன்றின் கழுத்திலும் அட்டைத் துண்டு.
"ஏலம் அல்லது அழிப்பு. மதிப்பிட்டு அனுப்புக"
மேலிடத்துத் தாள் இரண்டாம் முறை வந்துவிட்டது.

இது ஒன்று மட்டும் கோணிக்கு அடங்கவில்லை.
எனக்கு முன்னால் இருந்தவர் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்:
நீள அரிவாள். கொக்கி இல்லை. துரு. ரூ.12.

மேலப்பாளையத்தில் பழைய நாணயம் விற்கும் மீரான் கனி
தபால்தலை பார்க்கிற கண்ணாடியோடு வந்தார்.
தொடுவதற்கு முன் கையைத் துடைத்தார்.
பிறகு துணி கேட்டார்.
என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

"அரிவா இல்லம்மா, ஜப்பான்காரன் வாளு.
ஆபீசர் கட்டுனது இல்ல, ஹவில்தார் கட்டுனது.
பிடியப் பாருங்க, நூலு சுத்துன மாதிரி தெரியுதா?
சுத்தல. அலுமினியத்துல அப்படியே வார்த்திருக்கான்.
ஆபீசர்மாருக்குத்தான் திருக்கைத் தோலு, பட்டு நாடா,
கழத்துனா மூங்கில் ஆணி,
உள்ள துருவுக்கு அடியில கொல்லன் பேரு.
இது ஆலையில அடிச்சது. ரெண்டு திருகு. பேரு கிடையாது.
நம்பர்தான்."

எட்டு, ஏழு, மூன்று, இரண்டு, நான்கு.
கோவில் உண்டியல் எண்ணுகிறவர் போல
உதட்டுக்குள் சொல்லிக்கொண்டார்.
"உறை இருக்கா? அதுலயும் இதே நம்பர் கெடந்தா
விலை ரெண்டு மடங்கு."
உறை இல்லை.
இருந்ததாகக் கோப்பிலும் இல்லை.

கண்ணாடி அரை அங்குலம் நகர்ந்தது. நின்றது.
"இத எவன் கீறுனான்?"
கு.எ. 112/74, களக்காடு.
ஆணியால் எழுதியிருந்தார் ஏதோ ஒரு ஏட்டையா.
நாலின் கால் வழுக்கி ஓரம்வரை ஓடியிருந்தது.
"பாதி விலை போச்சே" என்றார்,
வீட்டில் யாருக்கோ மேலுக்கு முடியாததுபோல.

கோப்பை நேற்றே படித்திருந்தேன்.
எதிரி ஊய்க்காட்டான் சொன்னது:
ரங்கூனிலிருந்து திரும்பிய சிப்பாயிடம்
ஏழு ரூபாயும் ஒரு தார் ஏத்தனும் கொடுத்து
என் தகப்பனார் வாங்கினார்.
வாழை சாய்க்கத்தான் வைத்திருந்தோம்.
அன்று எங்கள் மடையை அடைத்துவிட்டார்கள்.
காயம்பட்ட சிவனணைஞ்ச பெருமாள் சொன்னது:
மண்வெட்டியை நீட்டித் தடுத்தேன்,
இலையில் பட்டு வழுக்கி இடது கையில் இறங்கியது.
அந்த மண்வெட்டியைக் கைப்பற்றவில்லை.
மாஜிஸ்திரேட் நம்பவும் இல்லை. பக்கம் பத்தொன்பது.

மீரான் கனி வாயை வெயிலுக்குத் திருப்பினார்.
"இந்தா, ஒரு பல்லு விழுந்திருக்கு பாத்தியளா.
எலும்புல இப்படி விழாது.
இரும்பு மேல இரும்பு பட்டாத்தான்.
இதுக்கும் கழிவு உண்டு."

நான் எதுவும் சொல்லவில்லை.
இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்,
ஒருவர் அம்பாசமுத்திரத்தில், ஒருவர் எங்கே என்று தெரியாது.

"உறை இல்ல, கழிங்க. பல்லு, கழிங்க.
கீறல், ரொம்பவே கழிங்க.
முப்பதாயிரம். அதுக்கு மேல எவனாவது சொன்னா நம்பாதிய.
துருவத் தேய்ச்சிராதிய.
புளி, சாம்பல்னு யாராச்சும் வந்தா விரட்டி விடுங்க.
கீறலையும் அழிக்கப் பாக்காதிய, இன்னும் கொறையும்."
ஆட்டோவுக்கு நூற்று நாற்பது வாங்கிக்கொண்டார்.
அதற்கு நான் ரசீது காட்ட வேண்டும்.

அவர் போனபின் கண்ணை இடுக்கிப் பார்த்தேன்.
அருகருகே இரண்டு எண்கள்.
ஆலையின் எண் நேர்வரிசையில் நிற்கிறது.
அதை இடுப்பில் கட்டியவனைக் கேட்க
எனக்கு அலுவலகம் இல்லை, பாஷை இல்லை.
கோணல் எண்ணைப் பிடித்துப் போனால்
ஒரு மடை வருகிறது,
ஏழு சென்டிமீட்டர் என்று எழுதிய டாக்டரின் கையெழுத்து வருகிறது,
ஒரு தார் ஏத்தன் வருகிறது.

'அரிவாள்' என்பதைச் சிவப்பு மையில் அடித்து
'வாள்' என்று எழுதினேன்.
மதிப்பு என்ற கட்டத்தில் பென்சிலை வைத்தேன்.
வெளியே டவாலி
யாரோ ஒருவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்.
வராந்தாவில் யாரும் எழுந்திருக்கவில்லை.