பயிற்சி நான்கு: சம்பளப் பட்டியல்

பாம்பன் பாலத்துக்குப் போகிற ரயில் ஹாரன் அடித்தால்
லேப் ஜன்னல் கண்ணாடி அதிரும்.
பதினெட்டு கம்ப்யூட்டர், முப்பத்தேழு பேர்.
எங்கள் கீபோர்டில் ‘ஈ’ லேசில் அமுங்காது,
உப்புக் காற்று தின்ற பட்டன்.
நஸ்ரின் ஓங்கிக் குத்துவாள்.
ஒரு ‘ஈ’ நாலு ‘ஈ’யாய் வந்து உட்காரும்.
நான் பேக்ஸ்பேஸில் மூன்றை விரட்டுவேன்.
இரண்டு செமஸ்டர் இப்படித்தான் ஓடியது
எங்கள் கூட்டுத்தொழில்.

பாடப்புத்தகத்துக் கம்பெனியில் பத்து ஊழியர்கள்.
யாருக்கும் கடன் இல்லை.
எல்லோர் சம்பளமும் மூன்று சுழியில் முடிகிறது.
பஞ்சப்படி, வாடகைப்படி, பிடித்தம்.
சமக்குறி போட்டு, மூலையைப் பிடித்துக்
கீழே இழுத்தால்
பத்துப் பேருக்கும் ஒரே நொடியில் கைக்கு வரும் தொகை.
இழுத்த இழுப்புக்கு ஒன்று தவறாமல் வருவது
எனக்குப் புதிதாக இருந்தது.

“முடிச்சவங்க சொந்தமா ஒரு ஷீட் போடுங்க,
வீட்டுக் கணக்கா இருந்தாலும் சரி” என்றார் பூமயில் மிஸ்.
நஸ்ரின் அவள் லாத்தா கல்யாணச் செலவைப் போட்டாள்.
பிரியாணி ஏறியதும் மொத்தத் தொகை மறைந்து
வரிசையாய் வேலிக்குறி.
பதறிவிட்டாள்.
கட்டம் சின்னது, அவ்வளவுதான் என்று
பக்கவாட்டில் விரித்துவிட்டேன்.
தொகையைப் பார்த்தாள்.
மறுபடியும் சுருக்கி வைத்துவிட்டாள்.

நான் நண்டுக் கணக்கைப் போட்டேன்.
ஏ-யில் தேதி. பி-யில் கிலோ. சி-யில் விலை. டி-யில் வரவு.
ஈ-யில், ஏஜெண்ட் லியாண்டர் அண்ணனிடம் நிற்கிற பாக்கி:
வலைக்கு வாங்கியது, எஞ்சினுக்கு வாங்கியது,
அப்பா கால் முறிந்த ஆடியில் வாங்கியது.
இதுவரை சிக்கலில்லை.
விலைக்கு ஃபார்முலா எழுதினேன்.

கம்பெனி விலை முந்நூற்று எண்பது.
பாக்கி வைத்தவனுக்கு அது கிடையாது;
பாக்கிக்குத் தக்கபடி கிலோவுக்குக் குறையும்.
விலை தெரியப் பாக்கி தெரியணும்.
பாக்கி தெரிய வரவைக் கழிக்கணும்.
வரவு தெரிய விலை தெரியணும்.
எண்டர் தட்டினேன்.

டங்கென்று ஒரு சத்தம்.
நடுத்திரையில் ஒரு பெட்டி:
இந்தச் செல் சுற்றி வந்து தன்னையே சுட்டுகிறதாம்,
கணக்கிட வழியில்லையாம்.
சி, டி, ஈ, மறுபடி சி என்று நீல அம்பு.
விலைக்கட்டத்தில் சுழி.

மிஸ் குனிந்து பார்த்தார்.
“சர்க்குலர் ரெஃபரன்ஸ். ஃபார்முலா தப்பு.
விலை தனியா நிக்கணும்மா, பாக்கியப் பார்க்கக் கூடாது.”
“பார்க்குது மிஸ்.”
“எது?”
“எது இல்ல மிஸ். லியாண்டர் அண்ணன்.”
லேப் சிரித்தது.
மிஸ் சிரிக்க ஆரம்பித்து, என் ஷீட்டை இன்னொரு தரம் பார்த்து,
அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

உதவிப் பக்கத்தை எழுத்துக்கூட்டி
நஸ்ரின்தான் அந்த டிக்கைக் கண்டுபிடித்தாள்.
“நூறு தடவை சுத்தவிட்டுப் பார்க்குமாம்டி.”
சுற்றவிட்டோம்.
எண்கள் துடித்து நின்றன.
கிலோவுக்கு இருநூற்று நாற்பத்தொன்று ரூபாய், அறுபது காசு.
போன செவ்வாய் அண்ணன் கொடுத்தது இருநூற்று நாற்பது.
மெஷினுக்கும் அவருக்கும்
ஒன்று அறுபதுதான் வித்தியாசம்.

பாக்கிக்கட்டத்தில் வெறும் சுழி போட்டேன்.
முந்நூற்று எண்பது.
நஸ்ரின் ஒன்றும் பேசவில்லை.
கண்ட்ரோல் இசட்.

ரெக்கார்டு நோட்டில் பத்துக்கு ஏழு,
‘விலையைத் தனியே உள்ளிடவும்’ என்று சிவப்பு மையில்.
அது பிறகு.

அன்றைக்கு கரண்ட் போய் யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது.
சேவ் பண்ணு, சேவ் பண்ணு என்றாள்.
கோப்புக்குப் பெயர் கேட்டது.
ஏஜெண்ட் பெயரைத் தட்டினேன்.
அதிலும் ஈ, ஓங்கிக் குத்த வேண்டியிருந்தது.
லீஈஈஈயாண்டர் என்று நீண்டு கிடந்தது.
நான் ஒன்றையும் விரட்டவில்லை.