இரண்டு மதிப்பெண் வினா

ஏழாவது கேள்வி:
தாவர செல், விலங்கு செல் வேறுபடுத்துக.
பேனா எழுதவில்லை.
கம்பளிக்குள் கைவிட்டு
அக்குளில் வைத்துச் சூடாக்குகிறேன்.
முன்பெஞ்சு எலூத்தெரியோ
தன் பேனாவை ஊதி ஊதிப் பார்க்கிறான்.
கடலிலிருந்து நாலாயிரம் மீட்டர் மேலே
மையும் மரத்துப்போகும்.

விடை தெரியும்.
தாவர செல்லுக்குச் சுவர் உண்டு.
விலங்கு செல்லுக்கு இல்லை, வெறும் சவ்வு.
கட்டம் போட்டு இரண்டு பக்கமும் நிரப்பினால்
முழு மதிப்பெண்.

ஆனால் முதல் வெயிலில் மிதித்துவிட்டு வந்த கால்
பெஞ்சுக்கடியில் இன்னும் என்னுடையதாகவில்லை.

மூன்று இரவு புல்தரையில் கிடந்தது எங்கள் கிழங்கு.
ஜூன் மாதம். வானில் ஒரு பொட்டு மேகம் இல்லை.
அப்படிப்பட்ட இரவைத்தான்
அம்மா நல்ல இரவு என்பாள்.
உள்ளே இருக்கும் நீர் ஊசி ஊசியாக விறைக்கிறது.
சவ்வு போகிறது, சுவர் போகிறது,
வெயில் பட்டதும் ஒவ்வொரு கிழங்கும்
ஊறிப்போன சோப்புக்கட்டி.
வெறுங்காலோடு ஏறி மிதிக்கிறோம்.
விரலிடுக்கில் பீறிட்டு ஓடுகிறதே,
அதற்குப் பாடத்தில் நுண்குமிழ்ச் சாறு என்று பேர்.
தோல் சறுக்கிக் கழல்கிறது.
காய்ந்தபின் மிஞ்சுவது சுன்யோ:
பார்க்கக் கூழாங்கல், தூக்கினால் தக்கை.
மூட்டை கட்டி வைத்தால்
நான் கல்யாணமாகிப் பிள்ளை பெறும்வரை கெடாது.

போன மாதம் ரோசெண்டா டீச்சர்
சுகாதார நிலையத்தில் கெஞ்சி வாங்கிய அயோடினை
கிழங்குத் துண்டில் ஒரு சொட்டு விட்டார்.
நீலக்கறுப்பு.
"நிறம் மாறினால் உணவு இருக்கிறது,
இலை வெயிலில் சமைத்ததைக்
கிழங்கு இருட்டில் பூட்டி வைத்திருக்கிறது,
எழுதிக்கொள்ளுங்கள்."
எல்லோரும் எழுதினார்கள்.
நான் அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதை எனக்கு முன்பே தெரியும்.

போன ஆகஸ்ட், ஒருரோ ஆஸ்பத்திரி,
அண்ணன் கிரிசோஸ்தோமோவின் இடது கால்.
சிலி எல்லைக் கணவாயில் லாரி நின்றுவிட்டது.
அன்றைக்கும் மேகமில்லை.
அன்றைக்கும் நல்ல இரவு.
கடைசி இரண்டு விரலும்
அயோடின் பட்ட மாதிரி.
"திசு இறந்துவிட்டது" என்றார் டாக்டர்.
திசு என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது
அப்படித்தான்.
பாடப்புத்தகம் பின்னால்தான் வந்தது:
ஒரே வேலையைச் சேர்ந்து செய்யும் செல்களின் கூட்டம்.
அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன்.
"அட, சுரங்கத்தில் அதற்குச் சங்கம் என்று பேர்" என்றான்.
"என் இரண்டு சங்கம் வேலைநிறுத்தத்தில் போச்சு,
பேச்சுவார்த்தைக்கும் வரவில்லை."
சிரித்தான். போர்வையை
முட்டிவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

பேனா இப்போது எழுதுகிறது.
கட்டம் போடாமல் எழுதுகிறேன்:
சுவர் இருந்தும் கிழங்கு பனிக்குத் தப்பவில்லை.
சுவர் இல்லாதவர்களும் தப்பவில்லை.
ஒன்றைச் சாப்பிடுகிறோம்.
இன்னொன்றை வெட்டி
எங்கே போட்டார்கள் என்று கேட்கவில்லை.
வேறுபாடு இதுதானா என்று எனக்குத் தெரியாது.

அடித்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.
எட்டாம் கேள்வி காத்திருக்கிறது,
பச்சையத்தின் பணி யாது, ஐந்து மதிப்பெண்,
படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டும்.
அடிக்கவில்லை. அடிக்கோடும் இடவில்லை.

மத்தியானம் மிச்சக் குவியலை மிதிக்க
அண்ணன் வருவான்.
அவன் இடது காலின் ஓரத்தில்
அழுத்தம் விழுவதில்லை.
அந்த வரிசைக் கிழங்கு மட்டும்
கொஞ்சம் ஈரமாகவே நிற்கும்.
அவன் தண்ணீர் குடிக்கத் திரும்பும் நேரம்
நான் போய் இன்னொரு தடவை மிதித்துவிடுவேன்.