கிறுகும் வழி

காலை ஏழரைக்கு
நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள்
கல்லடிப் பாலத்தடியில் என் கடைக்கு
ஒரு சிவப்பு ஸ்பிட்ஃபயரை.
எழுபத்திரண்டாம் ஆண்டு. இரண்டே சீற்.
"ரெண்டு பேர் ஏறுற காருக்கு
நாலு பேர் தள்ளணுமாகா" என்றான்
இறால் கூடையை றோட்டில் வைத்துவிட்டு வந்தவன்.

பல் வைத்தியர் யோகசீலன் சிரிக்கவில்லை.
வெள்ளைச் சேர்ட் முதுகில் ஒட்டியிருந்தது.
"பற்றரி புதிசு தங்கச்சி.
ஸ்டாட்டர் மோட்டர் கொழும்பால வந்தது.
சொலினொய்ட் ரெண்டு தரம் மாத்தியாச்சு.
சனிக்கிழமை மகள்ட கலியாணம்."

சாவியைத் திருப்பச் சொன்னேன்.
டக்.
மறுகா ஒரு டக்.
ஹெட்லைற் மங்கவே இல்லை.
பற்றரி செத்திருந்தால்
வெளிச்சம் மஞ்சளாகிச் சுருண்டுவிடும்.
இது நிமிர்ந்து நின்று
என் கடைச் சுவரில் தொங்கும் பெல்ற்றுகளை
ஒவ்வொன்றாகப் பார்த்தது.

இந்தக் காருக்கு மூக்கு முழுவதும்
மட்காட்டோடு சேர்ந்து முன்னால் கவிழும்.
முன் ரயரில் குந்தியிருந்தே வேலை செய்யலாம்.
குந்தினேன்.
மீற்றரின் ஒரு முனை பற்றரியின் நெகற்றிவில்,
மற்ற முனை எஞ்சின் இரும்பில்.
இரண்டும் ஒரே ஏர்த்;
பூச்சியம் காட்டவேண்டும்,
அரை வோல்ற் என்றால் மன்னிக்கலாம்.
"இப்ப திருப்புங்க."

எட்டுத் தசம் நாலு.

"வேற ஏதும் வித்தியாசம் கண்டீங்களா?"
எந்தப் பல் என்று கேட்கப்பட்ட நோயாளிபோல
அவர் தயங்கினார்.
"சோக் குமிழ் சுடும்.
வெயில்தானே எண்டு
கைலேஞ்சி சுத்திப் பிடிப்பன்."

வெயில் இல்லை டொக்டர்.
போன கரண்ட் கிறுகி வரோணும்.
போற வழிக்கு விரல் மொத்தத்தில் கேபிள் இருக்கு.
வாற வழியை ஆரோ அடைச்சிட்டாங்க.
மாமாங்கத் தீர்த்தச் சனம் முழுக்க
ஒரு குச்சொழுங்கையால வீடு திரும்பின மாதிரி
உங்கட சோக் கம்பிக்குள்ளால
நெரிபட்டு வந்திருக்கு அது.

சாக்கை விரித்து அடியில் புகுந்தேன்.
பின்னிய செப்புப் பட்டி
எஞ்சினிலிருந்து சசிக்கு ஒழுங்காக ஓடியது.
ஒரு இழை அறவில்லை.
போல்ற் இறுக்கம்.
எல்லோரும் இதுவரை பார்த்து,
சரி என்று எழும்பிப் போயிருப்பார்கள்.
கழற்றினேன்.

வோஷருக்கு அடியிலும் சிவப்பு.
மூன்று பூச்சு.
கல்முனையில் பெயின்ற் அடித்தவன்
வேலை தெரிந்தவன்,
யார் கண்ணும் போகாத இடத்தையும்
கழற்றித் துடைத்துப் பூசியிருந்தான்.
முகம் பார்க்கலாம்.
பார்த்தேன். என் மூக்கில் கிறீஸ்.

கத்தியை எடுத்ததும்
"சுரண்டப் போறீங்களா?" என்றார்.
இருபத்தாறு வருசமாக
ஊரார் பல்லில் டிரில் வைப்பவர்
கண்களை மூடிக்கொண்டார்.

நரம்பு கூசும் ஒரு சத்தம்,
பிறகு வெறும் இரும்பு.
வசலின் தடவி இறுக்கினேன்.
சாவி.

காத்தான்குடி பஸ்ஸின் ஹோர்னை விழுங்கிக்கொண்டு
எஞ்சின் எழும்பியது.
இறால்காரன் கை தட்டினான்.

"எவ்வளவு?"
"முந்நூறு."

அவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடியது:
பற்றரி, மோட்டர், ரெண்டு சொலினொய்ட்,
கொழும்பு லொறிக் கூலி.
குனிந்து, மெதுவாக,
"கொஞ்சம் கூட்டிப் போடுங்களன் தங்கச்சி.
பெரிய பழுது மாதிரி.
வீட்டில காட்டோணும்."

பில் புத்தகத்தைத் திறந்தேன்.
பேனை எழுதவில்லை.
உதறி, உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து,
மறுகா உதறி, எழுதினேன்:
*சுரண்டிய பெயின்ற்,
ஐந்து ரூபாய்க் குத்தி அளவு.*
தொகைக்கான கட்டத்தை வெறுமையாக விட்டு
புத்தகத்தையும் பேனையையும்
ஜன்னலால் நீட்டினேன்.

அவர் மடியில் வைத்து நெடுநேரம் யோசித்தார்,
எஞ்சினை நிறுத்தாமல்.