நீலப் பெரட்டு

பதினேழாம் பெட்டியைத் திறக்கும்போது இரவு பதினொன்றரை.
வெளியே டாமன்சாரா சாலையில் மழை கொட்டுகிறது.
உள்ளே இருபது டிகிரி, ஈரப்பதம் நாற்பது.
உயிரோடிருப்பவர்களுக்கு
இத்தனை கணக்காய் யாரும் குளிர் வைத்ததில்லை.

நுரைமெத்தையைத் தூக்குகிறேன்.
நடுவிரல் நீளத்தில் நீல ஆட்கள்.
மார்பில் குறுக்காகக் கை, கைக்கொரு மண்வெட்டி,
முதுகில் விதைப்பை,
காலைச் சுற்றிக் கறுப்பு மையில் எழுத்து.
செத்தவனை அந்த உலகத்தில் வயல் வேலைக்குக் கூப்பிட்டால்
அவன் படுத்திருப்பான்;
இவர்கள் எழுந்து 'உள்ளேன்' சொல்லவேண்டும்.
நாளுக்கு ஓர் ஆள், முந்நூற்று அறுபத்தைந்து.
பத்துப் பேருக்கு ஒருவன் மண்வெட்டி இல்லாமல்:
விறைத்த பாவாடை, கையில் சவுக்கு.
பட்டியலில் அவன் 'மேற்பார்வையாளர்'.
எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் வேறு சொற்கள் உண்டு.
பெரட்டு. கங்காணி.

கூடத்தின் நடுவே
ஏதோ கோயில் முற்றத்திலிருந்து வந்த சிங்கமுகக்காரி,
கருங்கல்,
பிளாஸ்டிக் சுற்றியபடி உட்கார்ந்திருக்கிறாள்.
இறக்க எட்டுப் பேர், ஒரு போர்க்லிஃப்ட்.
அவள் யாருக்கும் 'உள்ளேன்' சொன்னவளில்லை.

விளக்கைச் சாய்த்துப் பிடித்து நான் சொல்ல
ஷஃபிக்குல் எழுதுகிறான்.
நூற்று நான்கு, மூக்கு நுனி இல்லை, பழையது.
நூற்று ஐந்து, இடுப்பில் விரிசல், ஒட்டியிருக்கிறார்கள், பழையது.
'பழையது' விட்டுப்போனால் காயம் நம் கணக்கில் ஏறும்.
"இவங்களுக்குக் காஜி உண்டா அக்கா?" என்கிறான்.
அவன் பாஸ்போர்ட் ஏஜெண்டின் இழுப்பறையில்.
இவர்களுக்குக் காப்பீடு இருக்கிறது;
கூடவே பறந்து வந்த வெள்ளைக்காரி
நாற்காலியில் வாய் திறந்து தூங்குகிறாள்.

நூற்றுப் பன்னிரண்டில் கை நின்றது.
எழுத்து வரிசையில் நகத்தளவு வெறுமை.
எசமான் பெயருக்கு விட்ட இடமாம்.
விற்பதற்கென்று செய்து அடுக்கியிருக்கிறார்கள்,
வாங்கியவன் எழுதவில்லை.
மற்றவர்கள் மேல் இருப்பதும் அவரவர் பெயரல்ல என்று
அப்போதுதான் உறைத்தது.

"பெயர் இல்லை, பழையது" என்றேன்.
ஃபைரூஸ் எட்டிப் பார்த்தார்.
அது சேதத்தில் வராது, அடித்துவிடு.
ஷஃபிக்குல் அடித்தான்,
படிக்க முடிகிற மாதிரி.

யார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும்
இவன் எழவேண்டியதில்லை.
இருந்தும் மண்வெட்டியை விடவில்லை,
இத்தனை ஆயிரம் வருஷம்.

ஆறு மணிக்கு வாசல் கருவியில் விரல் வைத்தேன்.
இரவு முழுக்கக் கையுறைக்குள் ஊறிய விரல். சிவப்பு.
துடைத்து வைத்தேன். சிவப்பு.
"தவமலர், நல்லா அழுத்து,
இல்லாட்டி நீ வரவே இல்லைன்னு ஏறிடும்"
என்றார் காவலர், தேத்தண்ணீர்ப் பையை உறிஞ்சியபடி.
மேம்பாலத்தில் முதல் ரயில் போனது.
அழுத்தாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.