இரண்டு இலக்கம்

துறைமுகத்திலிருந்து கடல் எத்தனை கிலோமீட்டர்?
கட்டாயம் நிரப்பவும்.
இரண்டு இலக்கத்துக்கு மேல் ஏற்காது.

இந்தக் கட்டத்தைப் போட்டவன் மாஸ்கோவில் இருந்தான்.
கடல் நகரும் என்று அவனுக்கு யார் சொல்லப்போகிறார்கள்?
இரண்டு இலக்கமே தாராளம் என்றுதான் நினைத்திருப்பான்.
காகிதம் போய்க் கணினி வந்தபோது
கட்டங்களையும் அப்படியே தூக்கிவந்தார்கள்,
வீடு மாறுகிறவர்கள்
தேய்ந்த துடைப்பத்தையும் வண்டியில் ஏற்றுவதுபோல.

ஆரல் கரையின் மீன்வள அலுவலகத்தில்
ரௌஷான் அதை நிரப்பினாள்.
62. 71. 88.
கடல் நூறைத் தாண்டிய ஆண்டு
99 என்று தட்டினாள், வேறு வழியில்லை.
அடுத்த ஆண்டும் 99.
அதற்கடுத்த ஆண்டும்.
வெளியே கடல் ஓடிக்கொண்டிருந்தது,
ஏட்டில் மூச்சுவிடாமல் நின்றது.
தலைநகரில் யாரோ அந்த நேர்கோட்டைப் பார்த்து
"நிலைமை சீர்" என்று கையெழுத்திட்டார்.

கப்பலின் நிலைக்கு மூன்றே விடை:
கடலில், துறைமுகத்தில், பழுதுபார்ப்பில்.
ஒட்டகங்கள் நிழலுக்கு ஒதுங்கும் கப்பலை
"துறைமுகத்தில்" என்று குறித்தாள்.
வெட்டி இரும்புக்கு விற்று
வருடங்கள் ஆன பிறகும்
அது துறைமுகத்திலேயே நின்றது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது, சரி.
ஆனால் ஏட்டுக் கப்பலுக்கு
டீசல் ஒதுக்கீடு வந்துகொண்டிருந்தது.
யார் ஊற்றிக்கொண்டார்களோ, நான் கேட்கவில்லை.

நான் திருத்த வந்தவன்.
மூன்று நாளில் கட்டத்தை நான்கு இலக்கமாக்கினேன்.
"மணலில்" என்று நான்காம் விடை சேர்த்தேன்.
கொஞ்சம் பெருமையாகவே
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

ரௌஷான் 19 என்று தட்டினாள்.
"அணை கட்டினார்கள். நீர் திரும்பி வருகிறது.
நீங்கள்தான் தாமதம்."

எப்படித் தெரியும் என்றேன்.
மைத்துனன் பெய்பித் மோட்டார் சைக்கிளில் போவானாம்,
முன்சக்கரம் நனையும்வரை.
நூற்று மூன்று, நூற்றுப் பதினொன்று,
திரை வாங்காத எண்களெல்லாம்
ஒரு நோட்டின் ஓரத்தில் பென்சிலில் இருந்தன,
தேதியோடு, பெட்ரோல் செலவோடு.

அன்றிரவு இரண்டு கட்டம் கூட்டினேன்:
அளந்தது யார், எந்த நாள்.
காலையில் நிரப்பினாள்:
பெய்பித். செவ்வாய். சக்கரம் நனைந்தது.

கிளம்பும்போது கேட்டாள்,
"கடல் ஊருக்குள்ளேயே வந்துவிட்டால்?
குறை எண்ணை ஏற்குமா இது?"

சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.

ரயில் வர நாற்பது நிமிடம் இருந்தது.
பெஞ்சில் மணலைத் தட்டிவிட்டு உட்கார்ந்து
மடிக்கணினியை வெளியே எடுத்தேன்.